குழாய்க்கு வெட்கம் கிடையாது

ஜனவரி 9
ஆமாம், போகிறேன்தான். நூலகத்துக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு. படிப்பு மேல் ஆசையா? இல்லை. அங்கே கதகதப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டு ஹீட்டர் பனிக்கட்டி. பள்ளியைப் பாதியில் விட்டவனுக்கு நியூயார்க்கின் பிராங்க்ஸில் சும்மா உட்கார வேறு இடம் ஏது?

எங்களைப் போன்றவர்களைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுக்கத்தான் வகுப்பாம். டெனிஸ் மிஸ் கேட்டார்: "உங்க தெருவுக்கு உதவுற மாதிரி ஒண்ணு செய்யலாம். என்ன பிரச்சனை?"

"பணக்காரப் பசங்க கேம் பண்ணுவாங்க, நாங்க எங்க கஷ்டத்தையே பண்ணணுமா?"

சிரித்தார். "கஷ்டத்தச் சொல்லு. அப்புறம் கேம்."

"குளிரு" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஜனவரி 16
எங்கள் கட்டடத்து வீடுகளில் வெப்பம் அளக்கும் சின்னப் பெட்டிகள் வைத்தோம். அவை சொல்வதை வரைபடத்தில் நிறமாகக் காட்டும் புரோகிராம் என்னுடையது. குளிர்ந்த வீடு நீலம், சூடான வீடு சிவப்பு. குளிர்காலத்தில் கட்டடத்துச் சொந்தக்காரன் குழாய் வழியாக எல்லா வீட்டு ஹீட்டருக்கும் சூடு அனுப்பணும் என்பது சட்டம். அனுப்பாததற்கு அடுத்த மாதம் கோர்ட்டில் விசாரணை. இதுதான் எங்கள் சாட்சி.

ஜனவரி 18
எங்கள் வீடு சிவப்பு. எங்க வீடு!

ஜனவரி 19
அம்மாவின் வேலை. பெட்டியைச் சமையலறைக்கு மாற்றி, ஓவன் கதவைத் திறந்து எரியவிட்டிருக்கிறாள்.

"ஊரே பாக்குற படத்துல நம்ம வீடு குளிர்ல கெடக்கணுமாடா?"

"அணைம்மா."

"அணைக்கிறேன். தங்கச்சிய எங்க வச்சுக்குவ, உன் கம்ப்யூட்டருக்குள்ளயா?"

தங்கச்சி அரேலிஸுக்கு ஆறு வயது. ஓவன் எதிரில்தான் தூங்குகிறாள். அணைச்சா இவ நடுங்குவா. அணைக்கலன்னா கட்டடக்காரன் சிரிப்பான். நான் என்னதான் பண்றது?

ஜனவரி 20
ஒன்றும் தோன்றவில்லை. ஜன்னல்கூட உறைந்துபோய்த் திறக்க மாட்டேன் என்கிறது.

ஜனவரி 24
ஓவன் எரியும்போது ஹீட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அட, அறையை எதுக்கு அளக்கணும்? கட்டடக்காரன் சூடு அனுப்பினானா என்பதைக் குழாய் சொல்லிவிடுமே! பெட்டியை டேப் போட்டுக் குழாயில் ஒட்டினேன். டெனிஸ் மிஸ் எல்லா வீட்டிலும் அப்படியே மாற்றச் சொன்னார். புரோகிராமையும் மாற்றினேன். சாப்பிட மறந்துபோச்சு.

ஜனவரி 26
சிவப்பு வீடுகள் ஒவ்வொன்றாக நீலமாகின்றன. எத்தனை ஓவன்கள்!

ஜனவரி 27
அம்மா தானாகவே படத்தைக் கேட்டாள். "இதுல நாம எது?" காட்டினேன். நீலம். முகம் சுருங்கியது.

"பக்கத்துல?"

"ரமோனா அத்தை."

"அவளுமா? வீட்டுல வேர்க்குதுன்னாளே!"

படத்தில் ஒவ்வொரு வீடாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு, "மேல் மாடி மெர்செதஸ் வீட்டக் காணோமே?"

"பெட்டி வேண்டாங்கிறாங்க. சூடா இருக்காம்."

"பொய்யி. எந்திரி, டேப்ப எடு. அவகிட்ட நான் பேசுறேன்."

கோட்டு மாட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டாள். நான் போகணும்.