பொங்கலுக்குக் கொடுத்த மாத்திரை

அப்பாவுக்கு,

நீங்கள் தூங்கிய பிறகு எழுதுகிறேன். நேரில் சொன்னால் அடிப்பீர்கள்.

அம்மாவுக்கு மூளையில் நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம், கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதிக்கும்வரை ஸ்டீராய்டு மாத்திரை கூடாது, அது கட்டியைச் சுருக்கி நோயை மறைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் தாராவியில் தெருப் பொங்கல் வந்தது. அம்மா பானை முன்னால் நிற்காவிட்டால் சொந்தக்காரர்கள் பேசுவார்கள் என்று, முன்பு வேறொரு டாக்டர் எழுதித் தந்ததில் மிச்சமிருந்த அந்த மாத்திரைகளைக் கொடுத்தீர்கள். படுத்தே கிடந்த அம்மா எழுந்து நின்று குலவை போட்டாள்.

"நயினார் பொண்டாட்டிக்கு என்ன சீக்கு? நல்லாத்தான இருக்கா!" என்றார்கள். நீங்கள் சிரித்தீர்கள்.

அடுத்த வாரம் அம்மாவின் மண்டையில் துளை போட்டுத் துணுக்கு எடுத்தார்கள். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. மாத்திரை கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டபோது, இல்லை என்று சொல்லி என் கையை அழுத்தினீர்கள். நானும் பயந்து பேசாமல் நின்றேன்.

இன்று சோறு ஊட்டும்போது அம்மா, "நீ யாரு பிள்ள?" என்று கேட்டாள். என்ன நோய் என்றே தெரியாமல் டாக்டர் எதற்கு மருந்து கொடுப்பார்?

காலி மாத்திரை அட்டை என் பள்ளிப் பையில் இருக்கிறது. நாளை ஆஸ்பத்திரியில் நீங்களே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அதை டாக்டர் மேஜையில் வைப்பேன். பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள், தெருவே பார்க்கட்டும்.

இப்படிக்கு,
அம்மாவின் மகள்