பொத்தானுக்குப் போட்டியாக ஒரு டிரம் செட்

மார்ச் 4, செவ்வாய்

பல் கட்டும் லேபில் ஒரு மேல்வரிசைப் பல்செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தபோது தலைவர் போன் செய்தார். தலைவர் என்றால் கட்சித் தலைவர் இல்லை, எங்கள் நாலு பேர் இசைக்குழுவின் கீபோர்டு. வார நாளில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. சனி, ஞாயிறு வந்துவிட்டால் அகில உலக இசையமைப்பாளர்.

"என் மச்சான் டிரம் செட்டை வித்துட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை."

அந்த செட்டில்தான் ஆறு வருஷமாக வாசிக்கிறேன். அது மச்சானுடையது என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. இரவல் சீலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம் ஒருத்தி. எனக்கு எறிவதற்குக் கந்தைகூட இருந்ததில்லை.

"இப்ப என்ன பண்றது?"

"சொந்தமா ஒண்ணு வாங்கு. இந்த வாரம் ஓட்டல்ல பெயின்ட் அடிக்கறாங்க, வாசிப்பு கிடையாது. பதினஞ்சாம் தேதிக்குள்ள கொண்டு வா. இல்லேன்னாலும் கவலை இல்லை, என் கீபோர்டுலயே ஒரு பொத்தான் இருக்கு. அழுத்தினா டிரம் அடிக்கும். மூஞ்சி தூக்காது, லீவு கேக்காது."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மெழுகு உருகி, முன்பல் ஒன்று நாக்குப் பக்கம் சாய்ந்துவிட்டது.

மார்ச் 5, புதன்

பொத்தான்!

மார்ச் 6, வியாழன்

பயமாக இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் டிரம்முக்காகப் பயப்படுகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்வது? வாரம் ஐந்து நாள் அடுத்தவர் வாய்க்காகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறேன். ஓட்டல் சாப்பாட்டுக் கூடத்தில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், சனி மதியம் இரண்டு மணி நேரம், ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரம். எனக்கென்று இருப்பது அந்த நான்குதான். கேட்பவர்கள் தட்டைப் பார்த்தபடி கேட்கிறார்கள். மீன்கள் மட்டும் என்னைப் பார்க்கின்றன, அவற்றுக்கு வேறு போக்கிடம் இல்லை.

இவரிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். "வாங்கறது இருக்கட்டும். எதுல கொண்டுபோவே?" என்றார்.

நியாயமான கேள்வி. எங்களிடம் இருப்பது ஒரே கார், இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கார். இரண்டு பிரேக், கூரையில் பலகை, நாலு பக்கமும் கற்க வந்தவர்கள் போட்ட கீறல். மச்சான் செட்டை ஓட்டல்காரர்களே மாடிப்படிக்குக் கீழே வைத்திருந்தார்கள். புது மேனேஜர் அதெல்லாம் முடியாது என்றுவிட்டாராம்.

காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்தான் வில்லன். லேபிலிருந்து, பல் அச்சுக்கான மாவு வந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்து, மெழுகுக் கத்தியால் மூன்று வட்டம் வெட்டினேன். இருபத்திரண்டு அங்குலம், இருபது, பதினெட்டு. வாசலில் ஒத்திகை பார்த்தோம். இருபத்திரண்டு எந்தக் கதவிலும் நுழையவில்லை. இருபது நுழைந்தது, ஆனால் இவர் முழங்காலை மோவாயில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். பதினெட்டு, பின்னால் டிக்கியில் சமர்த்தாகப் படுத்தது.

"தீர்ந்துது. பதினெட்டு" என்றார் இவர்.

பதினெட்டா? பொம்மை டிரம் மாதிரி இருக்காதா?

மார்ச் 7, வெள்ளி

வட்டங்களைக் காரிலிருந்து எடுக்க மறந்துவிட்டோம். ஓட்டக் கற்கும் ஓய்வுபெற்ற டீச்சரம்மா இது என்னவென்று கேட்டாராம். "எங்க வீட்டம்மாவோட டிரம். இன்னும் வரலை, அதுக்குள்ள சவாரி போகுது" என்றாராம் இவர். டீச்சரம்மா சிரித்த சிரிப்பில் ஒரு கம்பம் மயிரிழையில் தப்பியது.

மார்ச் 8, சனி

இசைக்கருவிக் கடைக்குப் போனோம். குடுமி வைத்த கடைக்காரர் என்னைத் தாண்டி இவரைப் பார்த்து, "சார் எத்தனை வருஷமா வாசிக்கறீங்க?" என்றார்.

"எனக்கு ஹாரன் மட்டும்தான் வாசிக்கத் தெரியும்."

அதற்குப் பிறகுதான் குடுமி என் பக்கம் திரும்பியது.

எனக்கு விஷயம் தெரியாமல் இல்லை. டிரம் கொஞ்சம் மட்டமானாலும் தோலை மாற்றி, இழுத்துக் கட்டினால் குரல் வந்துவிடும். மட்டமான சிம்பலுக்கு, அந்தப் பித்தளைத் தட்டுக்கு, மருந்தே கிடையாது, என்ன செய்தாலும் பாத்திரத்து மூடிதான். ஆகவே காசைச் சிம்பலிலும் பெடலிலும் போடு, டிரம்மில் சிக்கனம் பிடி. இதை நானே நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் அதைப் பார்த்தேன்.

சிவப்பு. ஜிகினா தூவிய சிவப்பு. ஐந்து டிரம், சிம்பலும் பெடலும் மாட்டிக்கொண்டு, மேடைமேல் ஏறி நின்று என்னையே பார்த்தன. எங்கள் சக்திக்குள் அடங்கும் விலை. அதுதான் விலை என்று நம்பவே முடியவில்லை. (நம்பியிருக்கக் கூடாது. இதை 12ஆம் தேதி சேர்க்கிறேன்.) பெரிய டிரம் இருபத்திரண்டு அங்குலம்.

"அட்டை என்ன சொல்லுச்சு?" என்றார் இவர், மெல்ல.

"அட்டை விறைப்பா இருந்துச்சு. டிரம் கொஞ்சம் அனுசரிச்சுப் போகும்."

மரத்தால் செய்த டிரம் அனுசரித்துப் போகும் என்று வாய் கூசாமல் சொன்னேன். ஆசை வெட்கம் அறியாது. வாழ்நாளில் ஒரு தடவை, மீன்களைத் தவிர வேறு யாராவது என் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பணத்தைக் கட்டினோம். கடை வண்டியில் புதன்கிழமை வரும்.

மார்ச் 9, ஞாயிறு

சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

மார்ச் 12, புதன்

வந்தது. பெட்டியைப் பிரித்தேன். ஐந்து டிரம். அவ்வளவுதான். ஸ்டாண்டு எங்கே? பெடல் எங்கே? சிம்பல்? உட்காரும் முக்காலி? பெட்டியைக் கவிழ்த்து உதறினேன், தெர்மோகோல் உருண்டைகள் கொட்டின.

கடைக்குப் போன் செய்தேன்.

"டிரம் மட்டும்தான் மேடம் அந்த விலை. பில்லுல போட்டிருக்கே."

"கடையில எல்லாம் மாட்டி வெச்சிருந்தீங்களே!"

"அது காட்டறதுக்கு மேடம். தரையில வெச்சா யாரு பாப்பா?"

பில்லைப் பார்த்தேன். போட்டிருக்கிறது. எறும்பு படிக்கும் அளவில் போட்டிருக்கிறது. மற்றதெல்லாம் சேர்த்தால் இன்னொரு சிவப்பு செட்டே வாங்கலாம்.

ஆறு வருஷம் அடுத்தவன் செட்டில் உட்கார்ந்து வாசித்தவளுக்கு ஸ்டாண்டு தனியாக விற்கும் என்று எப்படித் தெரியும்? யானையை வாங்கிவிட்டேன், அங்குசம் வாங்க வக்கில்லை. அழுதேன். ஆமா, அழுதேன், என் டைரியிலகூட பொய் சொல்லணுமா?

இவர் வந்து பார்த்தார். "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன். டேப்பை எடுத்துப் பெரிய டிரம்மை அளந்தார், கார்க் கதவை அளந்தார், டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

மார்ச் 13, வியாழன்

தலைவரிடம் சொன்னேன். "பரவாயில்ல, சனிக்கிழமை பொத்தானை வெச்சு ஓட்டறேன். நல்லா வந்துதுன்னா அதுவே இருந்துட்டுப் போகட்டுமே. உனக்கும் அலைச்சல் மிச்சம்."

அலைச்சல் மிச்சமாம். உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று ஓட்டலுக்குப் போனேன், சாப்பிட வந்தவளாக. போகக் கூடாது என்று இருந்தேன், கால் கேட்கவில்லை. என் இடத்தில், மீன் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள்.

தலைவர் பொத்தானை அழுத்தினார். டிரம் அடித்தது. நன்றாகவே அடித்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். என் கையைவிடச் சுத்தம்.

அப்புறம் எங்கள் பாடகி. மருந்துக்கடையில் வேலை செய்பவள். குரல் தேன், கணக்கு பூஜ்யம். முதல் சரணம் முடிந்து இடையிசை வரும்போது கண்ணை மூடி உருகிப்போவாள். திரும்ப எடுக்க வேண்டிய இடத்தில் எடுக்க மாட்டாள், இரண்டு தாளச் சுற்று தாமதமாக வருவாள். எப்போதும். நேற்றும் வந்தாள். பொத்தான் காத்திருக்கவில்லை. பாட்டு முடிந்து டிரம் நின்றபோது அவளிடம் இரண்டு வரி மிச்சம் இருந்தது. கரண்டிச் சத்தத்துக்கு நடுவில் தனியாகப் பாடி முடித்தாள். அடுத்த பாட்டிலும் அதே. மூன்றாவதில் பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அவள் தலைவரை முறைத்தாள், தலைவர் பொத்தானை முறைத்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் வரும்வரை நான் இரண்டு சுற்று டிரம்மை உருட்டிக்கொண்டிருப்பேன். ஆறு வருஷமாக. யோசித்துச் செய்ததில்லை, தடுக்கி விழுபவரைக் கை தானாகப் பிடிக்கும் இல்லையா, அப்படி. என் கையைப் பார்த்துத் தலைவரும் இடையிசையையே திரும்ப வாசிப்பார். அந்த இரண்டு சுற்றும் தன் இசையமைப்பு என்றுதான் அவர் இன்றுவரை நினைத்திருக்கிறார்.

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், அதற்கு முன்னால் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் எழுதிவிட்டேன்.

காலையில் அவளே போன் செய்தாள்.

"ஏன்க்கா, நேத்து கேட்டீங்கல்ல? அந்த மெஷின் தப்புத் தப்பா அடிக்குது! ஒரே அவசரம் அதுக்கு."

"ஆமாம்மா. அது கொஞ்சம் அவசரக் குடுக்கைதான்."

"நீங்க இல்லேன்னா இனிமே நானும் இல்லேன்னு அவர்கிட்ட சொல்லிட்டேன். எதையாவது அடிங்க, குப்பைத் தொட்டியை வேணும்னாலும் கவுத்துப் போட்டு அடிங்க. ஆனா வாங்க."

போனை வைத்துவிட்டு, அந்தச் சிவப்பைப் போய்ப் பார்த்தேன். அழகிதான். ஆனால் காரிலும் ஏறாது, மீன் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே உட்காரவும் உட்காராது. எனக்கு வேண்டியது கல்யாண மாப்பிள்ளை இல்லை. கூப்பிட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும் ஆள்.

மார்ச் 18, செவ்வாய்

பணம் திரும்பத் தர மாட்டேன், கடை வண்டியை அனுப்பிச் சிவப்பை எடுத்துக்கொள்கிறேன், வேறு மாற்றிக்கொள்ளலாம் என்றார் குடுமி. மாற்றிக்கொள்ள எதைப் பார்ப்பது? நான் ஜிகினா பக்கமே போகவில்லை. இவர் பதினெட்டு அங்குல அட்டை வட்டத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடை முழுக்கச் சுற்றினார், ஒவ்வொரு டிரம்மாக ஒட்டிவைத்துப் பார்த்தார். மூலையில் நின்றார்.

"இங்க வா. இது அட்டைக்குப் பொறந்தது."

குச்சி வாங்க வருபவர்கள் அடித்துப் பார்ப்பதற்காகப் போட்டிருந்த செட். பழுப்பு நிறம், மேலே தேநீர்க் கோப்பை வளையங்கள். மூன்றே டிரம், பெரியது பதினெட்டு அங்குலம். ஆனால் ஸ்டாண்டு, பெடல், முக்காலி எல்லாம் உண்டு. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. உட்கார்ந்து மிதித்தேன். பெடல் என் காலை முன்பே தெரிந்ததுபோல் நடந்துகொண்டது. தோல் தொய்ந்திருந்தது, டிரம் முடுக்கும் சாவியைக் கேட்டு வாங்கி இழுத்துக் கட்டினேன். குரல் வந்தது. சின்னக் குரல் இல்லை, அடக்கமான குரல்.

"இதுவா மேடம்? இது விக்கறதுக்கு இல்லையே, சும்மா போட்டது" என்றார் குடுமி.

"தரையில கிடந்தா யாரு பாப்பான்னு நீங்கதானே சொன்னீங்க? நான் பாத்துட்டேன்."

மிச்சம் இருந்த தொகைக்குச் சிம்பல். கண்ணை மூடிக்கொண்டு பதினொன்று தட்டிப் பார்த்தேன். காலால் மூடித் திறக்கும் ஹைஹாட் ஒரு ஜோடி, பெரியது ஒன்று. எல்லாவற்றையும் எங்கள் காரிலேயே ஏற்றினோம். டிக்கி கதவு 'டப்' என்று ஒரே தடவையில் மூடியது. இவர் அதைத் திறந்து இன்னொரு தடவை மூடினார், கேட்பதற்காக.

மார்ச் 23, ஞாயிறு

நேற்றும் இன்றும் வாசித்தேன். இறக்கி, மாட்டி, உட்கார ஒன்பது நிமிஷம். இவர் கடிகாரம் பார்த்தார். பூந்தொட்டியை நானே தூக்கி வெளியே வைத்தேன். மேனேஜர் சத்தம் அதிகமோ என்று வந்து காதைக் கொடுத்தார், போய்விட்டார். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அவள் கண்ணை மூடினாள், உருகினாள், இரண்டு சுற்று தாமதமாக வந்தாள். சரியான இடத்தில் வந்தாள்.

ஏப்ரல் 26, சனி

இன்று தலைவரே வழுக்கிவிட்டார். மூன்றாவது பாட்டின் நடுவில் கை தவறி வேறு பாட்டுக்குள் போய்விட்டார், முகம் வெளுத்துவிட்டது. ஒரு உருட்டு உருட்டி, பெரிய சிம்பலை அடித்து, எல்லோரையும் பல்லவிக்குக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள்.

முடிந்ததும் கீபோர்டைப் பையில் போட்டபடி பக்கத்தில் வந்தார்.

"மூணாவது பாட்டுல கொஞ்சம் தடுமாறிட்டே போல?"

"ஆமா தலைவரே. கை வழுக்கிடுச்சு."

"பரவாயில்ல. நான் சமாளிச்சுட்டேன்."

நன்றி சொன்னேன். பெரிய டிரம்மை ஒரு கையிலும் சிம்பல் பையை மறு கையிலும் தூக்கிக்கொண்டு, யாரையும் கூப்பிடாமல் படியிறங்கினேன். கீழே இவர் டிக்கியைத் திறந்து வைத்திருந்தார்.