ஒரு நிமிஷம் லைன்ல இருங்க

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மின்தடைப் புகார்கள். நாலாவது அழைப்பிலேயே ஒரு பெண்மணி சிரித்துவிட்டாள். நான் அப்படி என்ன சொல்லிவிட்டேன்? "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க." இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்வதுதான். எந்தப் பகுதி, எந்த லைன்மேன் அருகில் இருக்கிறான் என்று பார்க்க எனக்கு அந்த ஒரு நிமிஷம் வேண்டும். சிரித்ததோடு விட்டாளா, பக்கத்தில் யாரிடமோ "அப்படியே சொல்றாங்கடி" என்றாள். எப்படியே?

மாலையில் ஒருத்தன், "நான் அசையாம நிக்கிறேன் மேடம்" என்றான். உங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. நீங்கள் அசைந்தால் எனக்கென்ன, ஆடினால் எனக்கென்ன?

ஜூன் 4, புதன்

புரிந்துவிட்டது. எல்லாம் என் தம்பி செய்த வேலை.

அவன் எழுதும் டிவி தொடர் போன சனிக்கிழமை ஆரம்பித்தது. நான் ஷிஃப்டில் இருந்ததால் பார்க்கவில்லை. இன்று அம்மா மறுஒளிபரப்பைப் போட்டுக் காட்டினாள். பெயர் 'ஒரு நிமிஷ நாயகி'. மின்சாரப் புகார் பிரிவில் போன் எடுக்கிற ஒரு நாற்பது வயதுக்காரி. மழை நாளில் போன் வயரில் ஷாக் அடித்து அவளுக்கு சக்தி வந்துவிடுகிறது. "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று அவள் சொன்னால் ஊரே உறைந்து நிற்கும். அந்த ஒரு நிமிஷம் அவள் மட்டும் நடமாடலாம். முதல் தடவை அந்த நிமிஷத்தில் அம்மணி செய்தது என்ன? ஆறிப்போவதற்குள் டீயைக் குடித்து முடித்தாள். இரண்டாம் தடவை பஸ்ஸில் அடிபடப் போகிற ஒருத்தனைக் காப்பாற்றக் கிளம்பினாள். மேசைக்கடியில் செருப்பைத் தேடியே பாதி நிமிஷம் போய்விட்டது.

மேசைக்கடியில் செருப்பைத் தொலைப்பவள் நான். ஆறாத டீக்கு ஏங்குகிறவளும் நான். அவள் முதுகில் கட்டிக்கொண்டு ஓடுகிற அந்த மேலங்கி எங்கள் ஹால் ஜன்னல் திரை. காணோமே என்று போன மாதம் முழுக்கத் தேடினேன்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெற்ற தாய்.

ஜூன் 7, சனி

இரண்டாவது வாரம். இந்த முறை அவள் போனை வைத்த பிறகு போனையே திட்டுகிறாள். அதுவும் என் சொத்துதான்.

கேட்டேன். "அது நீ இல்லக்கா, கற்பனை. அவ உன்னைவிட குண்டு" என்றான். என்ன ஒரு ஆறுதல்.

ஜூன் 10, செவ்வாய்

சூப்பர்வைசர் கூப்பிட்டு, அந்த வாக்கியத்தை இனி சொல்லக் கூடாது என்றான். அலுவலகத்தின் மானம் போகிறதாம். பதிலுக்கு "தயவுசெய்து சற்றுக் காத்திருக்கவும்" என்று சொல்ல வேண்டுமாம். சொன்னேன். பேசுவது மெஷின் என்று நினைத்து ஏழெட்டுப் பேர் போனை வைத்துவிட்டார்கள். ஒருத்தன் வைக்காமல், "மனுஷங்களோட பேச ஒன்றை அழுத்தணுமா, ரெண்டை அழுத்தணுமா?" என்று கேட்டான்.

மத்தியானத்துக்குள் அவனே வந்து, "பழையபடியே சொல்லித் தொலைங்க" என்றான்.

ஜூன் 14, சனி

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இன்றைய கதையில் ஒரு லைன்மேன் வந்துவிட்டார். வயர்லெஸ்ஸில் பேசுகிறார். கம்பத்தில் ஏறும் முன் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். வேலை முடிந்ததும் "எழுதிக்கோங்க மேடம்" என்கிறார். தினமும் எனக்கு வயர்லெஸ்ஸில் பேசுகிற அவரேதான். அச்சு அசல் அவர்!

இவனுக்கு எப்படித் தெரியும்? வீட்டில் யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை. மார்ச்சில் ஒரு நாள் அவர் மறந்து வைத்துப்போன கையுறையை எடுக்க எங்கள் அறைக்கு வந்தார். எடுத்துக்கொண்டார். போகவில்லை. "நாம ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு?" என்று கேட்டார். எனக்கு வாயில் என்ன வரும்? "ஒரு நிமிஷம் இருங்க" என்றேன். போன் அடித்தது, எடுத்தேன். அவ்வளவுதான்.

மார்ச்சிலிருந்து அந்த மனுஷர் லைனில் இருக்கிறார். மறுபடி கேட்கவில்லை. கோபமும் படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

முப்பது வயதில் யாராவது கேட்டிருந்தால் உடனே தலையாட்டியிருப்பேன். இப்போது எல்லாம் பழகிவிட்டது, என் கட்டில், என் ரேடியோ, என் எரிச்சல். ஒரு ஆளை உள்ளே விட்டால் எதை நகர்த்துவது? பயம்தான். வேறென்ன.

ஜூன் 15, ஞாயிறு

தம்பியோடு பேசவில்லை. சட்டையை மட்டும் துவைத்துப் போட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பேசாமல் இருப்பது எனக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது. நேராகவே கேட்டேன், லைன்மேன் எங்கிருந்து வந்தார் என்று.

"நீதான்கா சொன்ன."

"நான் எப்போடா சொன்னேன்?"

"சூப்பர்வைசரை அவன்னு சொல்ற. பெரிய அதிகாரியை அந்தாளுன்னு சொல்ற. டிவியில நியூஸ் வாசிக்கிறவங்களையே வர்றான் போறான்னுதான் சொல்ற. ஒரே ஒரு லைன்மேன் மட்டும் உனக்கு அவரு. அவரு கம்பத்துல ஏறுனாரு, அவரு எறங்குனாரு. வேற யாராவது மரியாதையா எறங்கியிருக்காங்களா உன் வாயில?"

அம்மா திரும்பிப் பார்க்காமலே, "எனக்கு அது போன வருஷமே தெரியும்" என்றாள்.

போன மாதப் பக்கங்களைப் புரட்டினேன். உண்மைதான். எல்லாப் பக்கத்திலும் அவர், அவர். இனி 'அவன்' என்று எழுதிப் பார்க்கலாமா? அவன் இன்று வடக்குத் தெருவில் ஃபியூஸ் போட்டான்.

சீ. வரவில்லை.

ஜூன் 21, சனி

நாலாவது வாரம். லைன்மேன் அவளிடம் கேட்டுவிட்டார். அவள் "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்று அவரை உறையவைத்துவிட்டாள். திருடன் இல்லை, விபத்து இல்லை. பதில் சொல்லப் பயந்துகொண்டு, சக்தியை அதற்குப் பயன்படுத்துகிறாள். பிறகு அசையாமல் நிற்கிற அந்த மனுஷரைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். அவர் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. சரிசெய்கிறாள். நிமிஷம் முடிகிறது. தொடரும் போட்டுவிட்டான்.

அம்மா சிரிக்கவில்லை. நான் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரத்தை மறுபடி கழுவினேன்.

எனக்கும் ஆசையாக இருந்தது. காலரைச் சரிசெய்ய. இதை வேறு எங்கே சொல்வது?

ஜூன் 23, திங்கள்

வேலை முடிந்ததை வயர்லெஸ்ஸில் சொன்ன பிறகு அவர் போகவில்லை. "மேடம், டிவியெல்லாம் பாக்குறதுண்டா?"

"இல்லைங்க."

"நானும் பாக்குறதில்ல."

அப்புறம், "அந்த ஆளு சட்டையை ஒழுங்கா தேய்ச்சுப் போட்டிருக்கலாம்" என்றார்.

ஜூன் 25, புதன்

வரும் சனிக்கிழமையோடு தொடர் முடிகிறது. நாளை கடைசிக் காட்சிப் படப்பிடிப்பு. தம்பி என் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டு நகத்தைக் கடித்தான்.

"அவ என்ன பதில் சொல்லுவாக்கா?"

"அவளையே போய்க் கேளு."

"அவளைத்தான் கேக்குறேன்."

தலையணையை அவன்மேல் எறிந்தேன். என் பதிலை ஊர் முழுக்க ஒளிபரப்பி, அப்புறம் எனக்குச் சொல்வாயா? நான் முடியாது என்று சொல்வதாக எழுதினால் அவர் அதை நம்பிவிடுவாரே? சரி என்று எழுதினால் - நான் என்ன, வந்ததை வாங்கிக்கொண்டு ரசீதில் கையெழுத்துப் போடவா?

ஜூன் 27, வெள்ளி

இரண்டு முடிவும் எடுத்திருக்கிறார்களாம். எது வரும் என்று சொல்ல மாட்டேன் என்கிறான். நாளை மாலை ஷிஃப்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பார்க்க மாட்டேன்.

ஜூன் 28, சனி

எட்டு மணிக்குத் தொடர் ஆரம்பித்தது. ஒரு போன்கூட வரவில்லை. சூப்பர்வைசர் அவன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். நான் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

முடியப் போகிற நேரத்தில் ட்ரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பாதி ஊர் இருட்டு. எல்லா போனும் ஒன்றாக அலறின.

"மேடம், அவரு கேட்டாரு, அவ வாயைத் திறந்தா, கரண்ட் போச்சு! அவ என்ன சொன்னா?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க" என்றேன். அந்த அம்மாள் நிஜமாகவே அழுதுவிடுவாள் போலிருந்தது. ஒருவர் மாற்றி ஒருவர், எல்லோருக்கும் அதே கேள்வி. அவள் என்ன சொன்னாள், என்ன சொன்னாள். எனக்கு எரிச்சல் வந்தது, பிறகு அழுகை வந்தது. அத்தனை பேர் காத்திருக்கிறார்கள், அவளுக்கு. எனக்காகக் காத்திருப்பவர் ஒருத்தர்தான். அவர் கம்பத்தில் நிற்கிறார்.

ஒரு வழியாக வயர்லெஸ். தொண்டையைச் செருமினார். "லைன் சரியாயிடுச்சு. எழுதிக்கோங்க மேடம்."

பட்டனை அழுத்தினேன். "சரி."

"வேற புகார் இருக்கா?"

"இல்லைங்க. சரின்னு சொன்னேன்."

"அதான் மேடம். லைன் சரி."

"லைனுக்கு இல்லை. மார்ச்ல நீங்க கேட்டீங்களே, அதுக்கு."

வயர்லெஸ்ஸை எல்லா லைன்மேன்களும் கேட்பார்கள் என்பதே அப்போதுதான் உறைத்தது. எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "அண்ணே, ஏணியை கெட்டியா புடிச்சுக்கோங்க."

சூப்பர்வைசர் நாற்காலியை என் பக்கம் திருப்பினான்.

கடைசியில் அவர் குரல். "மேடம், ஒரு நிமிஷம்... லைன்ல இருங்க."

இருந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

தம்பி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "மாசக்கணக்கா எழுதினேன், பாதி ஊரு முடிவைப் பாக்கல. மத்தியானம் திரும்பப் போடுவாங்க. பாக்குறியா?"

வேண்டாம் என்றேன். வற்புறுத்தவில்லை. கொஞ்சம் கழித்து, "நீ சரின்னு சொன்னியாமே" என்றான். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

அவர் முதல் தடவையாக வீட்டுக்குச் சாப்பிட வந்தார். தம்பி ஒன்றையும் குறித்துக்கொள்ளாமல் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வைக்க மறந்துவிட்டேன். "ஒரு நிமிஷம் இருங்க" என்று எழுந்தேன்.

செம்போடு திரும்பினால், தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் கையை வைத்தபடி அவர் அசையாமல் இருக்கிறார். அம்மா கரண்டியைத் தூக்கியபடி. தம்பி வாயைத் திறந்தபடி. யாரும் கண்கூடச் சிமிட்டவில்லை.

அவர் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. வேண்டுமென்றே மடக்கிக்கொண்டு வந்தாரா, தெரியவில்லை. செம்பைக் கீழே வைத்துவிட்டு, எல்லோர் முன்னாலும், அவசரமில்லாமல் அதைச் சரிசெய்தேன்.

பிறகு, சாப்பிடுங்க, ஆறிடும் என்றேன்.