முதல் தண்ணீர் காணாத கோட்டு

இது கலப்பில்லாத பருத்தி, டுவில் நெசவு; சந்தையில் டிரில் என்பார்கள். கிளிநொச்சிச் சந்தைக்கு எதிரே இருக்கும் தையல்காரர் நேற்று உன் கோட்டின் உள்மடிப்பில் இருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் பிடித்துப் பார்த்து, பருத்திதான் என்று உறுதிசெய்தார். கடதாசி எரியும் மணம் வந்தது. விரலில் நசித்தபோது சாம்பல் பொடியாக உதிர்ந்தது. நைலோன் கலந்திருந்தால் உருகிக் கட்டிபட்டிருக்கும் என்றார்.

உன் மனைவிதான் கோட்டைத் தந்தார். மூத்த மகள் மார்கழிக் குளிருக்குப் பள்ளிக்குப் போட்டுக்கொண்டு போக, வெட்டிச் சிறிதாக்கலாமா என்று கேட்டுவரச் சொன்னார். முழங்கையும் கழுத்து மடிப்பும் மட்டும் தேய்ந்திருக்கின்றன. மற்ற இடமெல்லாம் இன்னும் உழைக்கும் என்பது தையல்காரரின் தீர்ப்பு. அந்த மணத்தோடு சைக்கிளில் திரும்பும்போது உன்னோடு கதைக்கவேண்டும் போல் இருந்தது. காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய் ஒரு போகம் கடந்துவிட்டது.

இந்தத் துணியை வாங்கிய நாள் நினைவிருக்கிறது. நில அளவைப் பகுதியில் காட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று உனக்கு வவுனியாவில் இருந்து நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பு வந்திருந்தது. முல்லைத்தீவில் இருந்து வந்து சந்தையில் கடை போட்டிருந்த முஸ்லிம் வியாபாரி, எங்களுக்கு நானா, காக்கித் துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பாருங்கோ தம்பி, மறுபக்கம் தெரியுதோ? தெரியாது. இந்தச் சரிஞ்ச கோடு இருக்குதே, அதுதான் டிரில். முள்ளு பட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ஊத்தையும் லேசில தெரியாது. ஆனால் வெட்ட முதல் ஒருக்கால் தண்ணியில ஊறப்போடோணும். இல்லாட்டிச் சுருங்கும்."

"நானா, எங்கட கொலனியில தண்ணிக்கு முறை. துணிக்கும் ஒரு முறை கேட்டால் வாய்க்கால் பாக்கிற ஓவசியர் அடிக்க வருவார்," என்றாய் நீ.

நானா சிரித்துவிட்டு அளந்து கிழித்தார். நாள் நெருங்கியிருந்ததால் தையல்காரரும் நனைக்காமலே வெட்டினார்.

நூல்கள் ஒவ்வொரு வரியிலும் ஓர் இழை தள்ளிப் பின்னப்படுவதால்தான் அந்தச் சாய்வுக் கோடு விழுகிறது என்று பிறகு அறிந்தேன். அதனால் இழைகளை நெருக்கி அடுக்க முடிகிறது. துணி கனமாக இருக்கும், ஆனால் உடம்போடு மடிந்து விழும். கசங்கினால் பொறுமையாக நிமிரும். நனைந்தால் காய நாளெடுக்கும். வெயிலில் உள்ளே காற்று நுழையாது.

பரீட்சை நாள் காலையில் உன்னைச் சைக்கிளில் ஸ்டேசனுக்கு ஏற்றிப்போக வந்தேன். நீ புதுக் கோட்டுடன் வாய்க்கால் கரையில் நின்றாய். உன் ஐயா காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தார். நீ ஒரே மகன். நீ போய்விட்டால் வயலில் நிற்க ஆளில்லை, தரிசாய்க் கிடக்கும் காணிக்கு அரசாங்கம் தந்த பெமிட்டை ரத்துச் செய்வார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் உன்னை மறிக்கவில்லை.

"நீ போ ராசா. இண்டைக்கு எங்கட முறை. தண்ணியை மட்டும் பாத்து விட்டிட்டுப் போ." அவ்வளவுதான் சொல்லியிருந்தார்.

முறைத் தண்ணீருக்கு ஆள் நிற்காவிட்டால் அடுத்த வயல்காரன் திருப்பிக்கொள்வான். அது எங்கள் குடியேற்றக் கொலனி வழக்கம். அன்று உங்கள் வாய்க்கால் வாயில் முட்கொப்பு ஒன்று வந்து அடைத்துக்கொண்டது. கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கு என்றேன்.

"முள்ளுக்கெண்டு வாங்கின கோட்டு மச்சான். பாப்பம், நானா சொன்னது மெய்யோ எண்டு."

நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினாய். அடுத்த வயல்காரர் கரையில் நின்று, "என்ன, மாப்பிள்ளை கலியாணத்துக்கு முழுகிறாரோ?" என்று கேட்டார். கொப்பை இழுத்து எறிந்துவிட்டு ஏறினாய். உடம்பில் ஒரு கீறல் இல்லை. நானா சொன்னது மெய்.

அவர் சொன்ன மற்றதும் மெய்யாயிற்று. ஸ்டேசனுக்குப் போய்ச் சேர்வதற்குள் கைகள் மணிக்கட்டைவிட்டு மேலே ஏறியிருந்தன. முதுகு இழுத்துப் பிடித்தது. பளைப் பக்கம் ரயில் புகை தெரிந்தது.

"இதோட எப்பிடிப் போறது?"

"கழட்டு மச்சான். உள்ளுக்கு நல்ல சேட்டுத்தானே போட்டிருக்கிறாய்."

"தெறி கழலாது. நனைஞ்சு இறுகிப் போச்சு."

நான் பொத்தானில் கைவைத்தேன். மேல் தெறி என் விரலுக்கு இலகுவாகக் கழன்றது. நீ என் கையைப் பிடித்தாய்.

"விடு. ஏலாது எண்டு சொல்லுறன் எல்லே."

ரயில் வந்து நின்றது, புறப்பட்டது. கடைசிப் பெட்டி மறையும்வரை நீ அதைப் பார்க்கவில்லை. உன் ஈரச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "ஐயா கஞ்சி குடிச்சிருப்பாரோ தெரியாது," என்று சொல்லி நடக்கத் தொடங்கினாய்.

அதற்குப் பிறகு அந்தக் கோட்டைத் தெறி பூட்டாமல், வேலி அடைக்கவும் விறகு வெட்டவும் போட்டாய். நான் பத்திரிகை வேலைக்குப் போய், ஊர் ஊராகத் திரிந்து, விடுமுறையில் வரும்போதெல்லாம் வரம்பில் உன்னைக் கண்டேன். ஒருநாள் மட்டும், கேட்காமலே சொன்னாய்: "எங்கட காணியும் டிரில் மாதிரித்தான் மச்சான். முள்ளு உள்ள வராது. காத்தும் வராது."

செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில், வாழ்ந்த இடத்தை விட்டு நகராத மனிதர்களைக் காண்கிறேன். ஏன் போகவில்லை என்று அவர்களைக் கேட்பதில்லை. போகும்போது எதைப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள் என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் பதில் வருகிறது. அந்தக் கேள்வி நீ தந்தது.

இப்போது காணி உன் மனைவியின் பொறுப்பில். அவருக்குப் பிறகு எந்தப் பிள்ளைக்கு என்று ஒரு பெயர் எழுதித் தரும்படி, காணி விடயங்களைப் பார்க்கும் காரியாதிகாரி கந்தோரில் கேட்டிருக்கிறார்கள். போன கிழமை நானும் கூடப் போனேன்.

"எழுதமாட்டன் ஐயா," என்றார் உன் மனைவி. "பிள்ளையள் வளரட்டும். வேணுமெண்டு கேக்கிற பிள்ளையின்ர பேரை அப்ப எழுதுறன்."

அப்படி விடமுடியுமா என்பது தனக்குத் தெரியாது, மேலிடத்தில் கேட்கவேண்டும் என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். பதில் இன்னும் வரவில்லை. காலபோக நெல் வெட்டு முடிந்ததும் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.