வாசிக்காமல் விட்ட பக்கம்

இல்லை அப்பா, அந்தப் பக்கத்தை நான் வாசிக்கவேயில்லை.

இன்று காலை மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில் யாரோ தகரத்தில் அடைத்த சோளமணிகளைத் திறந்தார்கள். இனித்த நீரின் மணம். உங்கள் மழைச்சட்டைப் பையில் எப்போதும் இருந்த மணம். தூண்டிலில் குத்துவதற்காக நீங்கள் கொண்டுபோகும் சோளமணிகள். தேநீர் ஆறும்வரை அப்படியே நின்றேன்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. வரி, வாடகை, பல் வைத்தியர். அந்த வசந்தத்தில் உங்கள் மீன்பிடி அனுமதிப்பத்திரம் வந்தது. கூடவே ஒரு சின்ன விதிப் புத்தகம். ரெனான் நகரத்தில் எங்கள் வீட்டின் சமையலறை மேசையில், பரீட்சைக்கு வந்தவர்போல் எனக்கு எதிரே இருந்தீர்கள்.

எந்த மீனை எந்த மாதம் பிடிக்கக்கூடாது. எந்த அளவுக்குக் குறைந்தால் திரும்ப விடவேண்டும். நான் வாசிக்க வாசிக்க நீங்கள் தலையாட்டினீர்கள்.

"இந்த நாட்டில மீனுக்கும் பேர்மிட் இருக்கு, பிள்ளை. எங்களைவிட அதுகளுக்குக் கெதியாக் குடுத்திட்டாங்கள்."

நான் சிரிக்கவில்லை. கீழே தோழி அழைப்புமணியை அடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு தாள்களை ஒன்றாகப் புரட்டினேன்.

"அவ்வளவுதானோ?"

"ஓம் அப்பா, அவ்வளவுதான்."

பிறகு ஏரி. என் நினைவில் அந்த நாள் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே நடக்கிறது. பனிமலைகள் தலைகீழாக. ஒலியில்லாத ஒரு கப்பல். உங்கள் காலடியில் நீல வாளி, அதற்குள் நான்கு மீன்கள், மெதுவாக, ஒன்றையொன்று தொடாமல்.

அம்மாவுக்காகத்தான் உயிரோடு வைத்திருந்தீர்கள். "துடிக்கத் துடிக்கச் சந்தையில வாங்கின எனக்கு இந்த ஐஸ் மீன் வாயில வைக்கேலாது" என்று அவ ஒவ்வொரு வெள்ளியும் சொல்வா. துடிக்கும் மீனைக் கொண்டுவந்து கொடுப்பதுதான் நீங்கள் அறிந்த மரியாதை.

கரையோரமாக வந்த மீன்பிடிக் காவலர் வாளிக்குள் பார்த்தார். நீண்ட நேரம். பிடித்த மீனை அங்கேயே கொல்லவேண்டும், உயிரோடு கொண்டுபோவது குற்றம் என்றார். அபராதம் வரும், அனுமதிப்பத்திரம் பறிபோகும். புத்தகத்தில் தெளிவாக இருக்கிறதே, வாசிக்கவில்லையா என்று கேட்டார்.

தமிழில் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் மெலிந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். எல்லாம் விளங்கிவிட்டது உங்களுக்கு.

"நான் மறந்துபோனன் எண்டு சொல்லு."

"அப்பா, நான்…"

"சொல்லு, பிள்ளை."

சொன்னேன். நல்ல பிரெஞ்சில், பிழையில்லாமல். அவர் மறந்துவிட்டார்.

அதே ஆண்டுதான் உங்கள் குடியுரிமை விண்ணப்பம் நகரசபைக்குப் போயிருந்தது. கனடாவில் பெரியப்பா நோயாளியாகக் கிடந்தார். உங்கள் அகதிப் பயணப் பத்திரத்துக்கு இரண்டு தரம் விசா மறுத்திருந்தார்கள். இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட் கிடைத்தால் போய்ப் பார்க்கலாம் என்று இருந்தீர்கள். நேர்முகத்தில் அந்த அபராதத்தைப் பற்றிக் கேட்டார்கள். அங்கேயும் மறந்துபோனேன் என்றீர்கள். விண்ணப்பத்தைத் தள்ளிவைத்தார்கள். பெரியப்பா அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. நீங்கள் மறுபடி விண்ணப்பிக்கவும் இல்லை.

"நாலு மீனுக்குத் தமையனை விட்ட மனிசன்." அம்மா இதை விருந்தாளிகளிடமும் சொன்னா, சிரித்துக்கொண்டு. நீங்களும் சிரித்தீர்கள். "மீன் ருசியெண்டுதானே சாப்பிட்டனீர்" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டீர்கள். அந்த மீனைக் காவலர் கொண்டுபோயிருந்தார். யாரும் சாப்பிடவில்லை. உங்கள் பகிடி அப்படி.

நீங்கள் போய் முப்பத்தோராம் நாள், உங்கள் அந்திரட்டிச் சடங்கு அன்றும் அம்மா அதைச் சொன்னா. அப்போது சிரிக்கவில்லை. "அந்த மறதி மட்டும் இல்லாட்டி" என்று தொடங்கி நிறுத்தினா. நான் தட்டுகளை அடுக்கினேன்.

இப்போது எந்தப் படிவத்தையும் கடைசி வரிவரை வாசிக்கிறேன். அச்சகத்தின் பெயர்வரை. கையெழுத்துக்கு முன் கை கொஞ்சம் நிற்கிறது. இதைக் கவனம் என்கிறார்கள் என் பேராசிரியர்கள்.

சில விடியல்களில் நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். நான் வாசிக்கிறேன், ஒவ்வொரு பக்கமாக, சத்தமாக. நீங்கள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்கிறீர்கள்.

இன்று பின்னேரம் ரெனானுக்குப் போனேன். அம்மா கதவைத் திறந்தா. சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னரே சொன்னேன்: "அம்மா, அப்பா மறக்கேல்லை. நான்தான் வாசிச்சுச் சொல்லேல்லை."