சம்பந்தி வீட்டுக் கருவாடு

ஓகஸ்ட் 3, ஞாயிறு
குளிர். இந்த நாட்டில் ஓகஸ்ட் குளிர்காலம்; வெயில் இருந்தும் சூடில்லை.

பக்கத்து வீட்டு அந்தோனி, மனைவி மேரி, மகள் டிலானியோடு பீட்டர்ஷாம் போய் வந்தேன். டிலானி கட்ட விரும்பும் பவுலோவின் வீடு. போர்த்துக்கேயர். இரு பக்கத்துப் பெற்றோரும் சந்திக்கும் முதல் நாள். "எங்கட பக்கத்துக்கும் ஒரு பெரியாள் வேணும், வாங்கோ ரீச்சர்" என்று மேரி இழுத்துப் போனாள்.

நல்ல மனிதர்கள். சுவரில் அந்தோனியார் படம். கீரை சூப், பாண், ஒலிவ். கடைசியில் முட்டை மஞ்சள் நிறைத்த சின்னக் கேக், மேலே இலேசாகக் கருகல். மூன்று தின்றேன். (டொக்டருக்குச் சொல்வதில்லை.) நடுவில் பெரிய தட்டு: உப்பிட்டுக் காய்ந்த கொட் மீன், உருளைக்கிழங்கு, மேலே ஒலிவ் எண்ணெய். பவுலோவின் தாய் லூர்தெஸ் இரண்டு நாள் ஊறவிட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிச் செய்தாளாம்.

அந்தோனி அதைத் தொடவில்லை. பாணைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றார்.

திரும்பும்போது காரில்:
"சம்பந்தம் பேசப் போனவனுக்குக் கருவாடு!"
"அப்பா, ப்ளீஸ். அது அவையின்ட ஸ்பெஷல்."
"மன்னாரில விக்காம மிஞ்சினதைத்தானடி காய வைக்கிறது. அதை ஆராவது விருந்துக்கு வைப்பினமே? நான் என்ன, கருவாட்டுக்குப் பொம்பிளை குடுக்கவே போனனான்?"

டிலானி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா சம்மதிக்காமல் கட்டமாட்டேன் என்று பவுலோவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். பாவம்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்
மழை. வாங்க: பால், தேயிலை, கண் மருந்து.

நூலகத்தில் வாசிப்பு வட்டம். ஆறு பேர். போன மாதம் தொடங்கிய அதே தடித்த பழைய நாவல், விருந்து அத்தியாயம். அந்தக் கால நாவலாசிரியர்களுக்குச் சாப்பாட்டு மேசை என்றால் ஒரு பிரியம். யாரையாவது அவமதிக்க வேண்டுமா? கதிரையில் இருத்தி, சூப்பை ஊற்று. மீன் வெள்ளித் தட்டில் வருகிறது. நாலு பக்கத்துக்குப் பேச்சு. அந்த மீனைப் பிடித்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. மன்னாரில் மீன் பிடித்த அந்தோனி அந்த மேசையில் இருந்தால் எந்தக் கடல், என்ன வலை என்றுதான் முதலில் கேட்பார். ஞாயிறு கேட்கவில்லையே. அவ்வளவு கோபம்.

பின்னேரம் வேலியடியில் அவரைப் பிடித்தேன். உதாரணம் சொன்னேன்: பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் எங்கள் ஒடியல் கூழ் வெளியாளுக்கு ஏழைச் சாப்பாடாகத்தானே தெரியும்?
"அந்தக் கூழை நீங்கள் சம்பந்திக்கு வைப்பீங்களே ரீச்சர்?"
நான் வாய் திறக்குமுன் அவரே தொடர்ந்தார்:
"வாற ஞாயிறு அவை இஞ்ச வருகினம். நானும் வைக்கிறன் கருவாடு. விளங்கட்டும்."

ஓகஸ்ட் 8, வெள்ளி
வெயில். போர்வை தோய்த்தேன்.

அந்தோனி வென்ட்வேர்த்வில் கடையில் கட்டா மீன் கருவாடு வாங்கிவிட்டார். அவருக்கு வேலையே மீன் மொத்த விற்பனைக் களஞ்சியத்தில். நினைத்தால் பாரை, இறால், நண்டு எல்லாம் வரும். நினைக்கவில்லை.

மேரி: "என்னைத்தான் சிரிப்பினம் ரீச்சர்." டிலானி வேலைக்குப் போகவில்லை. சமாதானம் பேசப் போன நான், இரண்டு கதிரை இரவல் கொடுத்துவிட்டு வந்தேன்.

நாவலில் என்றால் இந்த அற்பத்துக்குக் கல்யாணம் முறியும், வாசிக்கவும் நன்றாயிருக்கும். பக்கத்து வீட்டில் வேண்டாம்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு
காற்று. கராஜில் சமையல். எங்கள் கிரவீன் பகுதி முழுக்க மணந்திருக்கும்.

மேசையில் சோறு, கத்தரிக்காய், கருவாட்டுக் குழம்பு. வேறு மீன் இல்லை. அந்தோனி தானே சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு பார்த்து நின்றார்.

லூர்தெஸ் மூடியைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். கணவர் ஜோசேயைப் பார்த்தாள். அவர் மெதுவாக இங்கிலிஷில் சொன்னார். டிலானி அதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்:
"இந்த நாட்டில ஒரு வீட்டிலயும் தங்களுக்கு உப்பு மீன் வைச்சதில்லையாம் அப்பா. நாறுது எண்டுதான் மற்றவை சொல்லுறவையாம். நீங்கள் தங்கட வழக்கத்தைக் கேட்டறிஞ்சு மரியாதை செய்திருக்கிறீங்களாம்."

ஜோசே இளம் வயதில் வடக்கே குளிர்க் கடலில் கொட் பிடித்தவராம். மாதக்கணக்கில் கரை காணாமல். எழும்பி வந்து அந்தோனியைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினார். அந்தோனிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான் மேரியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

ஜோசேக்கு உறைப்பில் மூக்கு ஓடியது. துடைத்துக்கொண்டு மறுபடி சோறு போட்டார். இது எந்தக் கடல் மீன் என்று கேட்டார். அந்தோனி கதிரையை இழுத்துப் பக்கத்தில் இருந்தார். மேசையில் விரலால் மன்னார்க் கரையைக் கீறினார். பிறகு வலை, காற்று, வள்ளம். அரைகுறை இங்கிலிஷ், மிச்சம் கை. தன் சோற்றுக் கோப்பையிலும் குழம்பு விட்டுக்கொண்டார்.

பவுலோ இங்கே பிறந்த பிள்ளை. கருவாட்டுத் துண்டைக் கோப்பை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தான். அந்தோனி கண்டுவிட்டார். டிலானி கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"மேரி, மாப்பிள்ளைக்குக் கருவாடு சரிவரேல்லைப் போல. ஒரு முட்டை பொரிச்சுக் குடு."

மாப்பிள்ளை. அந்தச் சொல் அவர் வாயில் முதல் தரம்.

வீட்டில் முட்டை இல்லை. நான் ஓடிப்போய் என் வீட்டிலிருந்து இரண்டு எடுத்து வந்தேன்.