மீன் காட்சியகத்துச் சுவரில் இருந்த படம்

குயிம்பா,
ஜூன் 3, 2025

அன்பு மகள் அர்லீனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை நானும் உன் அம்மாவும் நலம். அந்தக் குளிர் ஊரில் நீயும் குழந்தை தாலாவும் நலமாக இருக்கவேண்டும் என்று ஆண்டவரை வேண்டிக்கொண்டுதான் எழுத உட்கார்ந்தேன். மூன்று ஞாயிறாக நீ கூப்பிட்டும் நான் போன் பக்கம் வரவில்லை. அம்மா என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று தெரியாது, காது அடைப்பு என்றோ ஆலையில் அவசர வேலை என்றோ சொல்லியிருப்பாள். காது நன்றாகத்தான் இருக்கிறது. போனில் பேசினால் என் குரல் உயரும், இல்லாவிட்டால் உடையும், இரண்டையும் நீ கேட்கவேண்டாம் என்றுதான் காகிதத்தை எடுத்தேன்.

இங்கே மழை இந்த வருடம் நேரத்துக்கு வந்துவிட்டது, நாற்று விடத் தொடங்கிவிட்டார்கள். அரிசி ஆலையில் புது மோட்டார் வாங்கிப் போட்டும் அது மாதம் ஒருமுறை நின்றுவிடுகிறது, ஓய்வு பெற்றவன் என்றுகூடப் பார்க்காமல் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பெட்டியில் வந்த போர்வையை இன்னும் பிரிக்கவில்லை. இந்தப் புழுக்கத்தில் அதை எங்கே போர்த்துவது. மாடி அறையின் கூரை ஒழுகியதைச் சரிசெய்து சுவருக்கு மஞ்சள் அடித்தேன், சின்னக் கட்டில் ஒன்றும் செய்து போட்டேன். யாருக்கு என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திருமணமாகி நாற்பது வருடம் ஆன தம்பதிகளைப் பங்குக் கோயிலில் மூன்று நாள் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். சம்பாலெஸ் பக்கம் போகிறோம் என்று பாதிரியார் பூசை முடிந்து அறிவித்தபோது பதினோரு ஜோடிகளும் கைதட்டினார்கள், உன் அம்மா மட்டும் தட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் இடுப்பு வலிக்கிறது என்றாள், பேருந்தில் குமட்டும் என்றாள், கோழிகளை யார் பார்ப்பது என்றாள். நாற்பது வருடத்தில் நாம் இருவரும் சேர்ந்து கடலைப் பார்த்ததே கிடையாது, வா என்று நான்தான் கெஞ்சிக் கூட்டிப்போனேன். முதல் நாள் நன்றாகவே கழிந்தது. முழங்கால் அளவுத் தண்ணீரில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் மேலே பட்டால் கொட்டும் சொறி மீன்கள் கூட்டமாகக் கரைக்கு வந்துவிட்டன, ஒருவரும் தண்ணீரில் இறங்கக்கூடாது என்று விடுதிக்காரர்கள் சிவப்புத் துணி கட்டிவிட்டார்கள். என்ன செய்வது என்று எல்லோரும் முழித்துக்கொண்டிருந்தபோது, சாலைக்கு அந்தப் பக்கம் சின்னதாக ஒரு மீன் காட்சியகம் இருக்கிறது, கடல் உயிர்களைத் தொட்டே பார்க்கலாம் என்றார்கள். கிளம்பலாம் என்று திரும்பினால் உன் அம்மா தலைவலி என்று படுத்துவிட்டாள். தைலம் தேய்த்துவிட்டு, பக்கத்து வீட்டு தொமெங்கோடு நான் போனேன்.

காட்சியகம் என்று பெயர்தானே தவிர நம் ஆலையின் மூட்டை அறை அளவுதான் இருக்கும். தகரக் கூரை, உப்பு வாடை, சுவரோரம் நாலைந்து கண்ணாடித் தொட்டிகள், நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. பெர்லா என்று ஒரு அம்மாள் நடத்துகிறாள், நாற்பத்தைந்து வயது இருக்கும். எல்லோரையும் தொட்டியைச் சுற்றி நிறுத்தி, "முதல்ல கைய நல்லா நனைச்சுக்கங்க. ரெண்டே விரல். தண்ணிக்கு மேல எதையும் தூக்காதீங்க, அதுங்களுக்கு மூச்சு முட்டும்" என்று பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி சொன்னாள். தொமெங் வாய் சும்மா இருக்குமா. "அண்ணே, பாத்து. அது உங்க விரலக் கடிச்சு வச்சா அப்புறம் மில்லு மோட்டார யாரு பாக்குறது. நம்ம ஊரே உமியோட சோறு திங்கணும்" என்றான். நான் நட்சத்திர மீனைத் தொட்டேன், மேலே சொரசொரப்பு, அடியில் நூறு கால்கள் விரலை மெல்லப் பற்றிக்கொண்டன. கடல் அட்டை ஈரத் தோல்பை மாதிரி இருந்தது. ஒரு குட்டிச் சுறாவைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, திருப்பித் தடவினால் உப்புத்தாள். அறுபத்தெட்டு வயதில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது ஒரே நினைப்பு. இதைத் தாலா பார்க்கவேண்டும். நீ எப்போதாவது அவளை அழைத்துவந்தால் நேராக இங்கே கூட்டிவரவேண்டும்.

அதை மனதிலேயே வைத்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நானாகத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு கனடாவில் ஐந்து வயதில் ஒரு பேத்தி இருக்கிறாள், அவ்வளவு சின்னக் குழந்தைகளை விடுவீர்களா என்று பெர்லாவிடம் பெருமையாகக் கேட்டேன். அவள் சிரித்தாள். "அஞ்சு வயசா? மூணு வயசுப் பிள்ளைங்கல்லாம் வந்து கைய விட்டிருக்குதுங்க. இந்தாங்க, இங்க வந்து பாருங்க" என்று சுவருக்குக் கூட்டிப்போனாள். தொட்டியில் கைவிட்ட பிள்ளைகளையெல்லாம் படம் எடுத்து, அடியில் தேதி எழுதி ஒட்டிவைத்திருக்கிறாள். அவள் விரல் வைத்துக் காட்டிய படத்தில் ஒரு பெண் குழந்தை தொட்டி விளிம்பில் எக்கி நின்று இடது கையைத் தண்ணீருக்குள் விட்டிருந்தது. குழந்தையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா நின்றாள். உன் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. பக்கத்தில், முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, நீ.

பிப்ரவரி ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை.

அர்லீன், அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தன் தங்கை புரிங்குக்குப் பித்தப்பை அறுவை, பார்த்துக்கொள்ளவேண்டும் என்று அம்மா தார்லாக் போயிருந்தாள். வீட்டில் நான் தனி. வழக்கமான நேரத்துக்கு நீ கூப்பிட்டாய். ஜன்னல் வரைக்கும் பனி ஏறிக் கிடக்கிறது அப்பா, காரைத் தோண்டித்தான் எடுக்கவேண்டும் என்றாய். தாலா தூங்குகிறாளா என்றேன், தூங்குகிறாள் என்றாய். எல்லா ஞாயிறும் அவள் தூங்கிக்கொண்டுதான் இருக்கிறாள், உங்கள் ஊரில் அப்போது விடிகாலை என்று நானும் நம்பிவந்தேன். மறுநாள் காலையில் ரொட்டிக் கடையில், முடிதிருத்தும் கடையில், ஆலை வாசலில் எல்லோரிடமும் உன் பனியைப் பற்றிச் சொன்னேன். என் மகள் அவ்வளவு பனியில் மண்வெட்டி பிடிக்கிறாள் என்று சொன்னேன். நீயோ மூன்று மணி நேரத் தொலைவில் மணலில் கால் வைத்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்கிறாய். உன் பக்கத்தில் உன் அம்மா இருந்திருப்பாள், நான் பேசியதையெல்லாம் அவளும் கேட்டிருப்பாள். அப்போது உன் அம்மா என்ன முகத்தோடு இருந்தாள் என்பதை மட்டும் எனக்குச் சொல்லேன்.

பெர்லாவுக்கு ஒன்றும் தெரியாது, அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். "இந்தக் குட்டிய என்னால மறக்கவே முடியாதுண்ணே. சங்குக்குள்ள இருக்குற நண்டத் தொட்டுச்சு, அது உள்ள போயிருச்சு. வெளிய வர வரைக்கும் நான் வரமாட்டேன்னு ஒரு மணி நேரம் கைய எடுக்கவே இல்ல. அந்தப் பாட்டியம்மா கிளம்புறப்ப அப்படி அழுதாங்க, நான்தான் நாற்காலி போட்டு உக்கார வச்சேன். தாத்தா வரலியாடின்னு குட்டிகிட்ட கேட்டேன். தாத்தா இல்லைன்னு சொல்லுச்சு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்ணே, இவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றாள். தெரியாது என்று சொன்னேன். தொமெங் என் தோளுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உன்னைப் பிறந்ததிலிருந்து தெரியும். அத்தனை வாயாடி, விடுதி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் என்னோடு நடந்து வந்தான்.

தாத்தா இல்லை என்றால் வரவில்லை என்று அர்த்தமா, செத்துவிட்டார் என்று அர்த்தமா. குழந்தைக்கு நீ எதைச் சொல்லிக்கொடுத்தாய் என்று நடந்த வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன்.

மதியம் சுட்ட பால்கெண்டை வைத்தார்கள். உன் அம்மா தலைவலி போய்விட்டது என்று எழுந்து வந்து எப்போதும் போல முள் எடுத்து என் தட்டில் வைத்தாள். நான் புரிங்கின் பித்தப்பையைப் பற்றிக் கேட்டேன். மூன்று கல் எடுத்தார்கள், ஒன்று மொச்சைக்கொட்டை அளவு என்று கண் சிமிட்டாமல் சொன்னாள். சரி என்று இரண்டு கவளம் சாப்பிட்டேன். பிறகு, தாலாவுக்கும் என்னை மாதிரி இடது கைதானோ என்று கேட்டேன். அவள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆமா, இடது கைதான்" என்றாள்.

நான் கத்தவில்லை, நீ பயப்படவேண்டாம். எழுந்து வெளியே போய் சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தேன், அவளும் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். மூன்று மாதமாக என் பக்கத்தில் படுத்துக்கொண்டு எப்படி முடிந்தது உனக்கு என்று கேட்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. "அஞ்சு வருஷமா உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் பேச்சத் தூக்கிக்கிட்டு ஓடுறேன். அவ சொன்னத உங்களுக்கு இதமா மாத்திச் சொல்லணும், நீங்க சொன்னத அவளுக்கு மாத்திச் சொல்லணும். ஒரே ஒரு நாள் என் பேத்திய மடியில வச்சேன். பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்குறேன். மடியில வச்சதுக்குக் கேக்கமாட்டேன்" என்றாள். என்னையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். அவள் என்னை நேராகப் பார்த்து, "கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள். எனக்குப் பதில் வாயில் இருந்தது. அவர்களை வீட்டுக்கு வரச்சொல் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள் என்று அவள் முகத்தில் தெரிந்தது. அதற்கும் நான்தானே காரணம்.

அப்பன் பெயர் சொல்ல முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் வாசலை மிதிக்காதே என்று நீ ஏழு மாதக் கர்ப்பமாக இருக்கும்போது போனில் சொன்னேன். சொன்னதை மறக்கவில்லை. தாலா பிறந்த செய்தி வந்த அன்றே அந்த வார்த்தை எனக்குக் கசந்துபோயிற்று. ஆனால் வாயால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டாயா என்று கேட்பதும், சுவருக்கு மஞ்சள் அடிப்பதும், கட்டில் செய்வதும் போதும், நீ புரிந்துகொள்வாய் என்று இருந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டேன். அதைச் சொன்னதற்கு அப்பாவை மன்னித்துவிடு.

ஆனால் ஒன்று, மகளே. நான் தவறு செய்தவன் என்பதால் நீங்கள் இருவரும் செய்தது சரியாகிவிடாது. நீ என்மேல் கோபமாக இருந்து பேசாமலே போயிருந்தால் நான் தாங்கியிருப்பேன், அது எனக்கு உரியதுதான் என்று வாங்கிக்கொண்டிருப்பேன். நீ ஒவ்வொரு ஞாயிறும் சிரித்துப் பேசினாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. எந்தச் சிரிப்பு நிஜம், எது எனக்காகச் செய்தது என்று பழைய பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டால்கூட, இன்னும் என்னவெல்லாம் எனக்குத் தெரியாமல் இருக்கிறதோ என்று தோன்றுகிறது. நாங்கள் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம், கோழிக்கும் சேர்ந்துதான் தீவனம் போடுகிறோம். பேச்சு மட்டும் இன்னும் பழையபடி வரவில்லை. வரும். கொஞ்ச நாள் ஆகும்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் பேருந்து வருவதற்கு முன் நான் மட்டும் காட்சியகத்துக்குப் போனேன். பெர்லா வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முந்தின நாள் உங்களிடம் பொய் சொன்னேன், அது என் பேத்தி, அந்த இருவரில் ஒருத்தி என் மனைவி, ஒருத்தி என் மகள் என்றேன். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்ப் படத்தைக் கிழியாமல் உரித்து எடுத்து வந்தாள். "எனக்கு அப்பவே தெரியும்ணே. நீங்க அந்தப் படத்தப் பாத்த மாதிரி யாரும் அடுத்த வீட்டுப் பிள்ளையப் பாக்கமாட்டாங்க" என்றாள். படம் இப்போது என் முன்னால் மேசையில் இருக்கிறது.

குழந்தையின் இடது கைப் பழக்கத்தை மாற்றச் சொல்லிப் பள்ளியிலோ அக்கம்பக்கத்திலோ யாராவது சொன்னால் கேட்காதே. சின்ன வயதில் என் கையைத் துணியால் கட்டிப்போட்டு மாற்றப் பார்த்தார்கள், இன்றைக்கும் மோட்டாரைக் கழற்ற உட்கார்ந்தால் எனக்கு இடது கைதான் வருகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. பரிசுத்த கன்னிமரியாள் உன்னையும் தாலாவையும் தன் மேலாடைக்குள் வைத்துக் காக்கட்டும். உங்கள் இருவர் தலையிலும் கைவைத்து ஆசீர்வதிக்கிறேன்.

இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிறு கூப்பிடு, நான் எடுக்கிறேன். ஆனால் முதலில் நீ பேசவேண்டாம். தாலாவை எழுப்பி போனை அவள் கையில் கொடு. நான் யார் என்பதை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் அப்பா,
கிரிசாந்தோ